தொலைந்த ஸ்பேனருக்கு அபராதம் போடாதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமானப் பராமரிப்பும் ஏரோநாட்டிக்கலும் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தக்கலையிலிருந்து எழுதுகிறேன். வளைகுடா நாட்டில் இருபத்தாறு வருஷம், விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் கூடமான ஹேங்கரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். இந்தப் படிப்புதான் படிக்கிறான். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். ஒர்க்‌ஷாப்பில் பத்து எம்.எம். ஸ்பேனர் ஒன்று காணாமல் போய்விட்டதாம். வாய் திறந்தால் அபராதம், திட்டு வேறு. அதனால் மூன்று பேர் காசு போட்டு, மார்த்தாண்டத்தில் அதே மாதிரி ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். "கணக்கு சரியாயிடுச்சு மாமா" என்றான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஹேங்கரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைப் பலகையில் வரைந்து வைத்திருப்போம். கருவியை எடுத்தால் அந்த உருவம் மட்டும் தெரியும். ஷிப்ட் முடியும்போது ஒரு இடம் காலியாக இருந்தால், விமானத்துக்குள் எதையோ விட்டுவிட்டோம் என்று அர்த்தம். புதுசு வாங்கி அங்கே மாட்டிவிட்டால், பழையது விமானத்தைத் திருப்பும் கன்ட்ரோல் கேபிள் பக்கத்தில் கிடந்தாலும் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைகள் படித்துக்கொண்டது இதைத்தான்.

நானும் தவறு செய்தவன்தான். அதிகாலை மூன்றரை மணி இருக்கும். சக்கரம் உள்ளே மடங்கும் அறைக்குள் ஏறி, ஒரு ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கினேன். சாமான்களை அடுக்கும்போது டார்ச்சைக் காணவில்லை. அது என் சொந்த டார்ச், பலகைக் கணக்கில் வராதது. சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஐந்தரைக்கு விமானம் கிளம்ப வேண்டும். சட்டைப்பை, ஏணிக்கு அடி, டிராலி என்று இருபது நிமிஷம் தேடினேன். அங்கெல்லாம் இல்லை என்று எனக்கே தெரியும். சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். கடைசியில் போய்ச் சொன்னேன். சூப்பர்வைசர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடைசியா எந்தப் பக்கம் வெளிச்சம் அடிச்சே?" இரண்டு பேரை ஏற்றினார். ஒரு பிராக்கெட்டுக்குப் பின்னால், அணையாமல் எரிந்தபடியே கிடந்தது. விமானம் நாற்பது நிமிஷம் தாமதம். அவர் அன்று கத்தியிருந்தால், அடுத்த தடவை நான் சொல்லியிருப்பேனா? நிச்சயமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

மனிதர் ஏன் தவறு செய்கிறார் என்பதைச் சொல்லித்தர, இந்தப் படிப்பில் 'மனிதக் காரணிகள்' என்று மாட்யூல் 9 (ஒன்பதாம் பாடப்பகுதி) இருக்கிறது. கனடாவில் கார்டன் டூபாண்ட் 1993-இல் தொகுத்த, பராமரிப்பில் தவறு நேரும் பன்னிரண்டு காரணங்களை என் மருமகன் ஒன்று விடாமல் ஒப்பித்தான். களைப்பு, மெத்தனம், நெருக்கடி, கவனச்சிதறல், வாய் திறந்து சொல்லத் தயக்கம், இப்படி. ஸ்பேனர் வாங்கி வைத்த அதே பையன்தான்.

1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், 17,300 அடி உயரத்தில் காக்பிட் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே. உள்ளே இருந்தவர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி தரையிறக்கினார், எல்லோரும் பிழைத்தார்கள். அதற்கு முன் ஒரு ராத்திரிப் பணியில் அந்தக் கண்ணாடிக்கு மாட்டிய 90 போல்ட்டில் 84 போல்ட் விட்டத்தில் 0.026 அங்குலம் குறைவு. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மாட்டியவர் சோம்பேறி அல்ல, அனுபவசாலி. ஆள் குறைவான இரவில் வேலையை முடித்துவிட நினைத்தவர். மங்கல் வெளிச்சத்தில் பழைய போல்ட்டை வைத்துக் கண்ணளவில் பொருத்தி எடுத்தார். ஸ்டோரில் இருந்தவர் வேறு போல்ட் நம்பரைச் சொன்னார், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. இரண்டாவது ஆள் பார்த்தே ஆக வேண்டிய வேலைகளில் அந்தக் கண்ணாடி வேலை சேரவும் இல்லை.

1983 மே 5 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தில், எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் சின்ன ரப்பர் வளையம் மூன்று எஞ்சினிலுமே மாட்டப்படவில்லை. எண்ணெய் முழுக்க ஒழுகியது. வழக்கமாக ஃபோர்மேன் அறையில் வளையம் மாட்டிய பாகமே தயாராக இருக்கும் என்பதால், அன்றும் மாட்டியிருக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

என் அப்பா குளச்சலில் வள்ளத்து எஞ்சின் பழுது பார்த்தவர். கழற்றிய நட்டெல்லாம் ஒரு சிரட்டையில் போடுவார். மூடும்போது சிரட்டையில் ஒன்று மிச்சமிருந்தால் திரும்பக் கழற்றுவார், கரையில் யார் அவசரப்படுத்தினாலும் சரி. நம் பிள்ளைகளுக்கு இது புதிய பழக்கமே அல்ல.

உங்களிடம் நான் கேட்பது இரண்டுதான். கருவி தொலைந்ததை வந்து சொல்லும் மாணவனுக்கு அபராதம் வேண்டாம். வகுப்பை நிறுத்தி, எல்லோரும் சேர்ந்து தேடுங்கள்; அந்த ஒரு மணி நேரம் பாடம்தான். அப்புறம், ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தச் சொல்லி, எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்து அடுத்த பேட்ச் முடிக்கட்டும். எழுதாமல் விட்டது என்ன என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் வருகிறேன், பயணப்படி வேண்டாம். அந்த டார்ச்சை இன்னும் வைத்திருக்கிறேன், கொண்டுவந்து காட்டுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பணியாளர்,
தக்கலை