சாரம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

சமையலறைச் சுவரை இடித்துக் கூடத்தோடு சேர்க்கப் போவதாக நீ எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். கான்ட்ராக்டர் நிதானமானவர், வேலை சுத்தமாக இருக்கும் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அவரிடம் காப்பீடு இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டதற்கு, "இருப்பதாகச் சொன்னார் அம்மா" என்றாய். அந்தப் பதில் என்னைத் தூங்க விடவில்லை.

நீ பள்ளியில் படித்தபோது நம் வீட்டு மாடியில் நடந்த வேலை பாதியில் நின்றுபோனது உனக்கு நினைவிருக்கும். காரணத்தை அப்போது உன்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் சாரத்தின் பலகை நழுவி, தொழிலாளி ஒருவர் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கான்ட்ராக்டர் முன்பே பாலிசியின் நகல் ஒன்றைக் கொடுத்திருந்தார். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. விபத்துக்கு 3 வாரம் முன்பே அது காலாவதியாகியிருந்தது. தேதி அந்தத் தாளிலேயே அச்சாகியிருந்தும் நானோ உன் அப்பாவோ படிக்கவில்லை. மருத்துவச் செலவில் முடிந்ததைக் கொடுத்தோம். ஆனால் அந்த மனிதரின் மனைவி வாசலில் வந்து நின்று, "இனி மாதாமாதம் யாரிடம் போய்க் கேட்பேன்?" என்றபோது எனக்கு வாய் திறக்கவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

ஆகவே முதலில் தொழிலாளர்களுக்கான காப்பீட்டைக் கேள். பலரும் பொறுப்புக் காப்பீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். கான்ட்ராக்டரின் ஆட்கள் செய்யும் வேலையால் உன் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ சேதம் வந்தால், வழியில் போகிறவருக்கு அடிபட்டால், அது உதவும். கான்ட்ராக்டரின் சொந்த ஆட்களுக்கு ஏற்படும் காயம் பெரும்பாலும் அதில் அடங்காது; அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு தனியாக வேண்டும். அது இல்லாதபோது வழக்கு வீட்டுக்காரர் பக்கம் திரும்பும் இடங்களும் உண்டு. இன்னொன்றும் தெரிந்துகொள்: ஓடு கோணலாகப் பதிந்தால் பெயர்த்துப் பதிக்கும் செலவைப் பொறுப்புக் காப்பீடு பொதுவாகத் தராது. அதை ஒப்பந்தத்தில்தான் எழுதி வாங்க வேண்டும்.

காப்பீடு இருப்பதைக் காட்டும் சான்றிதழைக் கான்ட்ராக்டர் கையிலிருந்து வாங்காதே. காப்பீட்டு நிறுவனமோ அதன் முகவரோ நேராக உனக்கு அனுப்பும்படி கேள். தாளில் உள்ள தொலைபேசி எண்ணை நம்பாமல், நிறுவனத்தின் எண்ணை நீயே தேடி எடுத்துப் பேசு. சான்றிதழ் கொடுத்த பிறகு பிரீமியம் கட்டாமல் விட்டு, பாலிசி ரத்தாவதும் நடக்கிறது. வேலை தொடங்கும் வாரத்தில் மறுபடி ஒரு முறை கேட்டுக்கொள். வேலை இழுத்துக்கொண்டே போனால் பாலிசியின் முடிவுத் தேதி நடுவில் வந்துவிடும், அதையும் குறித்து வை.

பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார். ஒப்பந்தத்தில் ஒரு பெயரும் பாலிசியில் அவருடைய தம்பியின் நிறுவனப் பெயரும் இருந்தால், அந்தத் தாளால் உனக்குப் பயனில்லை. விலக்குகள் என்ற பகுதியைப் பொறுமையாகப் படி. உயரத்தில் செய்யும் வேலை, வெல்டிங் போன்ற நெருப்பு வேலை, பாரம் தாங்கும் சுவரை இடிப்பது ஆகியவற்றைச் சில பாலிசிகள் ஒதுக்கிவிடும். நீ இடிக்கப்போவது எந்தச் சுவர் என்று பொறியாளரிடம் கேட்டாயா? எலக்ட்ரீஷியனும் குழாய் வேலை செய்பவரும் வெளியிலிருந்து வருவதாகச் சொன்னாய். அவர்கள் கான்ட்ராக்டரின் பாலிசியில் அடங்குகிறார்களா, தனியாக வைத்திருக்கிறார்களா என்பதையும் கேள்.

உன் சொந்த வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வேலை தொடங்குமுன் எழுத்தில் தெரிவித்துவிடு. சொல்லாமல் சுவரை இடித்தால் பிறகு இழப்பீடு மறுக்கப்படலாம். தூசிக்குப் பயந்து வேறிடத்தில் தங்கப் போகிறாய் அல்லவா? வீடு 30 அல்லது 60 நாளுக்கு மேல் காலியாக இருந்தால் பாதுகாப்பைக் குறைக்கும் விதி பல பாலிசிகளில் இருக்கிறது.

இவ்வளவும் கேட்டால் கான்ட்ராக்டர் மனம் புண்படுமோ என்று தயங்குவாய். எனக்கு உன்னைத் தெரியும், கடைசியாக மீந்த நாற்காலியில் உட்காரவும் யோசிக்கிறவள் நீ. முறையாகத் தொழில் செய்கிறவருக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. ஓரிரு நாளில் சான்றிதழ் வந்துவிடும். "காப்பீடு இல்லாமல் செய்தால் விலை குறையும்" என்று அவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள். அவர் குறைக்கிற தொகைக்கு ஈடாக, ஏணியில் நிற்கிறவரின் உடம்பையும் உன் வீட்டையும் பணயம் வைக்கிறார்.

திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள் என்றாய். அதற்குள் சான்றிதழ் வராவிட்டால் ஒரு வாரம் தள்ளிப் போடு. வந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. தேதியை நானும் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா