ஹிட் படம் வேற, பெஸ்ட் படம் வேற சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க சினிமா பக்கத்துல வந்த டைரக்டர்களும் அவங்களோட பெஸ்ட் படமும் லிஸ்ட்டைப் பார்த்தேன். பேருங்க எல்லாம் சரிதான், மகேந்திரன், பாலசந்தர், மணிரத்னம், சத்யஜித் ரே, ஜப்பான்காரர் குரோசாவா, ஹாலிவுட்ல த்ரில்லர் எடுத்த ஹிட்ச்காக், இதுல யாரையும் வேணாம்னு சொல்ல முடியாது. ஆனா ஒவ்வொரு பேருக்கு எதிர்லயும் நீங்க போட்டிருக்கற படத்தைப் பார்த்தாதான் கடுப்பாகுது. எது நல்லா ஓடுச்சோ, எதை டிவில திரும்பத் திரும்பப் போடறாங்களோ அதையே எடுத்து பெஸ்ட்னு எழுதிட்டா அதுக்கு எதுக்கு சார் ஒரு முழுப் பக்கம்?

ஒரு படம் ஓடறதுக்கு ஹீரோ காரணமா இருக்கலாம், பாட்டு காரணமா இருக்கலாம், ரிலீஸ் ஆன நேரம்கூட காரணமா இருக்கலாம். டைரக்டரோட பெஸ்ட்னு சொன்னா அது அவர் செஞ்ச வேலை பளிச்சுனு தனியா தெரியற படமா இருக்கணும், அவ்ளோதான் நான் கேக்கறது.

மகேந்திரனுக்கு முள்ளும் மலரும் (1978) போட்டிருக்கீங்க. பிடிக்காதவன் யாரு? ஆனா அதுல ரஜினி இருக்காரு, பாலு மகேந்திராவோட கேமரா இருக்கு, இளையராஜா இருக்காரு, மகேந்திரன் பங்கு எவ்ளோன்னு பிரிச்சுப் பாக்கறதே கஷ்டம். அடுத்த வருஷமே புதுமைப்பித்தனோட சிற்றன்னை கதையை வச்சு உதிரிப்பூக்கள் எடுத்தாரே, அதை ஏன் விட்டீங்க? அதுல ஹீரோன்னு ஒருத்தரே கிடையாது. விஜயன் பண்ண சுந்தரவடிவேலு ஊர்ல பெரிய மனுஷன், வீட்டுல பொண்டாட்டியைக் கொல்லாம கொல்றவன், ஆனா நம்ம பட வில்லன் மாதிரி கத்தறது உருட்டறது எதுவும் இருக்காது. கடைசில ஊரே அவனை ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டு வந்து நிறுத்துது. நான் பண்ண தப்புலயே பெரிய தப்பு உங்களையெல்லாம் என்னை மாதிரி ஆக்கினதுதான்ங்கற மாதிரி சொல்லிட்டு அவனாவே தண்ணில இறங்கறான். இவ்ளோ நேரம் இவன் சாகணும்னு நெனச்சிட்டு இருந்த நமக்கே அப்ப என்னமோ பண்ணுது பாருங்க, அங்க நிக்கறாரு மகேந்திரன்.

ரேக்கு வழக்கம்போல பதேர் பாஞ்சாலி (1955). ரேன்னு சொன்னாலே எல்லாரும் அந்தப் படத்துல வர்ற ரயில் சீனோட இறங்கிடறாங்க, அதுக்கு அந்தாண்ட யாரும் போறதில்ல. நான் சாருலதா (1964)தான் சொல்வேன், தாகூர் கதை. படத்தோட ஆரம்பத்தை மட்டும் ஒரு தடவை போட்டுப் பாருங்க சார். பெரிய வீடு, சாரு ஒரு கர்சீப்ல எழுத்து தைச்சிட்டு இருக்கா. புருஷனுக்கு டீ கொண்டு போகச் சொல்லி வேலைக்காரனைக் கூப்பிடறா, அலமாரில புக்கைத் தேடறா, அப்புறம் அந்தக் காலத்து நாடகம் பாக்கற பைனாகுலரை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ஜன்னலா ஓடி ஓடித் தெருவுல போறவங்களைப் பாக்கறா. நடுவுல புருஷன் புக்கைப் படிச்சுக்கிட்டே அவ பக்கத்துலயே நடந்து போறான், பொண்டாட்டி ஒருத்தி நிக்கறாங்கறதே அவனுக்குத் தெரியல. அவன் போனப்புறம் தெருவைப் பார்த்த அதே பைனாகுலரை எடுத்து அவன் முதுகைப் பாக்கறா. வசனம்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா அவ வாழ்க்கை மொத்தமும் நமக்குத் தெரிஞ்சு போச்சு. இதுக்குத்தான் 1965ல பெர்லின்ல அவருக்கு பெஸ்ட் டைரக்டர் அவார்டு குடுத்தாங்க. ரேவே தன்னோட படங்கள்ல குறை கம்மியான படம் இதுதான்னு சொல்லியிருக்காரு, நமக்குத்தான் மனசு வரல.

குரோசாவாவுக்கு செவன் சாமுராய் (1954). சரி, அதை எதிர்த்துப் பேசினா அடிக்க வருவாங்க. ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வந்த இகிருவை ஒரு வரி சொல்லியிருக்கலாம். ரெண்டுலயும் டகாஷி ஷிமுராதான். சாமுராய்ல கூட்டத்துக்கே தலைவரா மொட்டைத் தலையோட கம்பீரமா நிப்பாரே, அந்த மனுஷன்தான் இகிருல வயித்துல கேன்சரோட கூனிக் குறுகி நடக்கற ஆபீஸ் கிளார்க் மாதிரியான ஒரு செக்‌ஷன் தலைவர். சாகறதுக்குள்ள சாக்கடை தேங்கற இடத்துல பிள்ளைங்களுக்கு ஒரு பார்க் கட்டிக் குடுக்கறாரு. வேற டைரக்டரா இருந்தா பார்க் திறப்பு விழா, கண்ணீர், வணக்கம்னு முடிச்சிருப்பான். இவர் படம் முடிய இன்னும் நெறய நேரம் இருக்கறப்பவே ஹீரோ செத்துட்டாருன்னு சொல்லிட்டு, துக்க வீட்டுல ஆபீஸ்காரங்க உக்காந்து குடிச்சிக்கிட்டே பேசறதைக் காட்டறாரு. மொதல்ல அவர் என்ன பெருசா பண்ணிட்டாருன்னு ஆரம்பிச்சு, போதை ஏற ஏற நாமளும் அவர மாதிரி உழைக்கணும்டான்னு சத்தியம் பண்றானுங்க. மறுநாள் ஆபீஸ்ல ஒரு மனு வருது, அதே பழைய பதில், வேற டிபார்ட்மென்ட்டுக்குப் போங்கன்னு. ஒருத்தன் மட்டும் பொறுக்க முடியாம எந்திரிக்கறான், அப்புறம் மெதுவா உக்காந்து ஃபைல் குவியலுக்குள்ள மறைஞ்சு போறான். கவர்மென்ட் ஆபீஸைப் பத்தி இதுக்கு மேல எவனும் படம் எடுக்க முடியாது.

ஹிட்ச்காக்னா சைக்கோ (1960), அந்த பாத்ரூம் சீன், வேற பேச்சே இல்ல. அவரு ஊமைப்படக் காலத்துல வேலை கத்துக்கிட்டவரு, அதனால ரியர் விண்டோவை (1954) சவுண்டை ம்யூட்ல போட்டுப் பாருங்க. ஹீரோ கால்ல மாவுக்கட்டு, ஒடைஞ்ச கேமரா, செவுத்துல ரேஸ் கார் பறந்து வர்ற போட்டோ, கேமரா ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள இவன் யாரு, கால் எப்படி ஒடைஞ்சுதுன்னு கதை வந்துடும். வெர்டிகோ (1958) வந்தப்ப பெருசா யாரும் கண்டுக்கல, 2012ல சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை விமர்சகர்கள்கிட்ட எடுத்த ஓட்டுல அதுதான் முதல் இடம். சிட்டிசன் கேன் படம் 1962ல இருந்து உக்காந்திருந்த சீட்டு அது. ஓடறதுக்கும் பெஸ்ட்டுக்கும் சம்பந்தம் இல்லன்னு இதுக்கு மேல என்ன சொல்ல.

இந்த ம்யூட் கணக்கு எல்லாருக்கும் செல்லாது, அதையும் சொல்லிடறேன். பாலசந்தர் படத்தை ம்யூட்ல போட்டா பாதி படம் காணாமப் போயிடும். நாடகத்துல இருந்து வந்தவரு, யாரு எப்ப எதைச் சொல்லி யார் வாயை அடைக்கணும்ங்கறதுதான் அவரோட டைரக்‌ஷன். ஆனா தண்ணீர் தண்ணீர் (1981) கோமல் சுவாமிநாதனோட நாடகம்தான், அதுல பேச்சைத் தாண்டி அந்த வறண்ட மண்ணே முன்னாடி வந்து நிக்கும். நான் அதைத்தான் எடுப்பேன். மணிரத்னத்துக்கு நாயகன் இல்ல, இருவர் (1997), ஓடாத படம்தான், இருக்கட்டுமே. நீளம் நீளமா ஷாட் வச்சு கட் பண்ணாம ரெண்டு பேரோட சினேகத்தையும் பொறாமையையும் ஒரே ஃப்ரேம்ல வச்சிருப்பாரு. கேமராவுக்கு சந்தோஷ் சிவனுக்கு நேஷனல் அவார்டு வந்துச்சு. நாயகன் ரசிகர்கள் திட்டினா திட்டிக்கட்டும். பாலு மகேந்திராவுக்கு மூன்றாம் பிறையா வீடா (1988)ன்னு என் பிரெண்ட்ஸ்கூட நான் போடற சண்டை இன்னும் முடியல, என் ஓட்டு வீடுக்கு.

ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த லிஸ்ட் போடறப்போ ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் எந்த சீனுக்காக இதை எடுத்தோம்னு ரெண்டு வரி எழுதுங்க, வாங்கின அவார்டு கணக்கு வேணாம். அப்படியே அவள் அப்படித்தான் (1978) எடுத்த ருத்ரய்யாவையும் சேர்த்துக்குங்க. மொத்தமே ரெண்டு படம்தான் எடுத்தாருன்னு விட்டுட்டீங்கன்னு நெனைக்கறேன். கமல், ரஜினி ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு ஸ்ரீபிரியாவைச் சுத்தி ஒரு படத்தை அந்த வருஷத்துல எடுக்கற தைரியம் இன்னிக்கு எத்தனை பேருக்கு இருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

இப்படிக்கு,
ரொம்ப நாள் வாசகர் ஒருத்தர்