கயலுக்கு, பேய்ப்படங்களைப் பற்றி

அன்புள்ள கயல்,

‘ஜப்பான் பேய்ப்படத்தில் ஒண்ணுமே நடக்கலையேம்மா’ என்று போனில் சொன்னாய். உன் கட்சியில் நான் இல்லை. பேசினால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்கப் படங்களில் கேடு பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. 1973இல் வந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’டில் சிறுமிக்குள் சாத்தான் புகுகிறது, பாதிரியார்கள் வந்து விரட்டப் போராடுகிறார்கள். ‘ஹாலோவீன்’ என்றால் முகமூடி, கத்தி, தப்பிப் பிழைக்கும் ஒரு பெண். எப்படி எதிர்ப்பது என்பதுதான் அங்கே கேள்வி. ஜப்பானியப் பேயோ அநியாயம் இழைக்கப்பட்ட ஒரு மனுஷி. 1825இல் எடோவில் (இன்றைய டோக்கியோ) மேடையேறிய ‘யோட்சுயா கைதான்’ என்ற கபுகி நாடகத்தில் (கபுகி என்பது ஜப்பானின் மரபு நாடகம்), மருந்தென்று அனுப்பிய விஷத்தைக் குடித்துக் கதாநாயகி ஓஇவாவின் முகம் சிதைந்துபோகிறது. அவள் தலைவாரும்போது முடி கொத்துக்கொத்தாகச் சீப்போடு வருகிறது, ரத்தத்தோடு. நீ பார்க்கும் கருங்கூந்தல் பேய்களில் பலர் அவள் வழிவந்தவர்கள்தான். இவர்களை யார் எதிர்ப்பது? நியாயம் அவர்கள் பக்கம் அல்லவா இருக்கிறது!

சாபம் பிடித்த வீடியோ டேப்பைப் பற்றிய ஜப்பானியப் படம் ‘ரிங்கு’வையே (1998) எடுத்துக்கொள். கதாநாயகியின் முன்னாள் கணவனுக்குச் சாதாரண மனிதர்களுக்குத் தெரியாதவை தெரியும். ஏன் என்று படம் விளக்குவதில்லை. 2002இல் அதையே அமெரிக்காவில் திரும்ப எடுத்தபோது அந்த இடத்தில் வருபவன் வீடியோ நிபுணன்.

சரி, நீ தோழிகளோடு பார்த்த ‘டார்க் வாட்டர்’ விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானிய மூலம் 2002இல் வந்தது. இயக்கியவர் ‘ரிங்கு’ எடுத்த அதே ஹிதியோ நகாதாதான். விவாகரத்து வழக்கில் மகளை இழந்துவிடுவோமோ என்று தவிக்கும் அம்மா, ஒழுகும் பழைய அடுக்குமாடி, தூக்கிப் போட்டாலும் திரும்பி வரும் சிவப்புப் பை. அந்தப் பைக்குரிய குழந்தை, அதை எடுக்கப் போய் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தவள். அவளைத் தேடி வர அம்மா இல்லை. லிப்டுக்குள் தன் மகள் என்று நினைத்து அம்மா அணைத்திருப்பது அவளைத்தான். வெளியே சொந்த மகள் நிற்கிறாள். மகளைக் காப்பாற்ற, பேய்க்கே தாயாகிவிடுகிறாள் அந்த அம்மா. லிப்ட் மேலே போகிறது, மகள் படியேறி ஓடுகிறாள், கதவு திறந்தால் உள்ளே வெறும் தண்ணீர்.

இதே கதையை அமெரிக்காவில் திரும்ப எடுத்த படத்தில் சில வாரங்களிலேயே அம்மாவின் ஆவி வந்து மகளுக்குப் பின்னல் போட்டு ஆறுதல் சொல்கிறது. ஜப்பானியப் படத்தில் மகள் பத்து வருஷம் காத்திருக்கிறாள். திரும்பி வந்து கண்டபோதும், சேர்ந்து வாழ முடியாது என்கிறாள் அம்மா. இதைவிட என்ன நடக்க வேண்டும், கயல்? எனக்கு அந்தப் படத்தில் பயமாக இருந்தது பேயைப் பார்த்து அல்ல. அந்தப் பிள்ளையின் பத்து வருஷத்தை நினைத்துத்தான்.

விடுமுறையில் ஜப்பானிய மூலப் படத்தைத் தனியாகப் பார். அப்புறம், லிப்டில் அந்த அம்மா எடுத்த முடிவைப் பற்றி எழுது. எனக்கு அது சரியென்றே படுகிறது. அப்பா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

அன்புடன்,
அம்மா