செல்போன் பெட்டியில் இல்லாத ஒரு விவரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போனைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கதிர்வீச்சும் சாலை விபத்தும் இணைய மோசடியுமே முன்னுக்கு வருகின்றன. காது கேட்கும் கருவி அணிந்தவர்களுக்கு இவற்றோடு வேறு சில சிக்கல்களும் உண்டு. அவற்றைப் பெரும்பாலும் எவரும் அவர்களிடம் எடுத்துச் சொல்வதில்லை என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் ஒலிவாங்கி காதுமடலின் மேற்புறத்தில் இருக்கிறது. போனை மற்றவர்களைப் போலக் காதுத் துளையருகே வைத்தால் ஒலி அங்கே சரியாகச் சென்று சேராது. சற்று மேலே தூக்கி, கருவியின் அருகில், அழுத்தாமல் பிடிக்க வேண்டும். அழுத்தினால் கீச்சென்ற ஒலி எழும். இவ்வளவு எளிய செய்தி தெரியாததால், என் தாயார் உட்பட நான் அறிந்த முதியவர்கள் பலர் அழைப்பு வந்ததும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, போனின் ஒலியை முழுவதும் கூட்டிக்கொண்டோ ஸ்பீக்கரில் போட்டோ பேசுகிறார்கள். வங்கி வரிசையிலும் பேருந்திலும் இப்படிப் பேசும்போது பணம் பற்றிய விவரங்கள் சுற்றியிருப்போர் காதிலெல்லாம் விழுகின்றன. அதற்கும் மேலாக, எதிர்முனையில் பேசுபவர் சொல்வது புரியாமல், முன்பின் தெரியாத ஒருவரிடம் போனையே கொடுத்துக் கேட்கச் சொல்லும் நிலையும் வருகிறது. மோசடி அழைப்புகள் மலிந்த இக்காலத்தில் இது எத்தகைய ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரைச்சல் இன்னொரு தொல்லை. முதியவர்கள் விரும்பும் பட்டன் போன்களில் பல இன்னும் 2ஜி வகையைச் சேர்ந்தவை. அவை அலைகளைத் தொடர்ச்சியாக அனுப்பாமல் விநாடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு அனுப்புகின்றன. அந்தத் துடிப்பைக் கருவியின் மின்சுற்று வாங்கிக்கொண்டால் பேச்சோடு சேர்ந்து கரகரவென்ற இரைச்சலும் காதில் விழும். சிக்னல் குறைந்த இடத்தில் போன் கூடுதல் திறனுடன் அலைகளை அனுப்புவதால் தொல்லையும் கூடுகிறது. கருவியில், போனின் காந்தப்புலத்திலிருந்து பேச்சை நேரே வாங்கும் டெலிகாயில் என்னும் கம்பிச்சுருள் இருந்து, போனும் அதற்கு ஏற்றதாக அமைந்தால் பேச்சு ஓரளவு தெளிவாகக் கேட்கும். ஆனால் சில கருவிகளில் அந்த நிலைக்கு மாற்றினால் ஒலிவாங்கி அணைந்துவிடும். புளூடூத் வழியாக அழைப்பு நேரே கருவிக்குள் வரும்போதும் வெளி ஒலி குறையக்கூடும். அந்த நேரத்தில் சாலையையோ தண்டவாளத்தையோ கடப்பவருக்குப் பின்னால் வரும் வண்டியின் ஓசை எட்டாது. ஆகவே இவர்கள் ஓரமாக நின்று பேசி முடித்த பிறகே நடக்க வேண்டும்.

அமெரிக்காவில் தொலைபேசிகள் காது கேட்கும் கருவியோடு ஒத்துப்போக வேண்டும் என்று 1988ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. அப்போது விலக்குப் பெற்றிருந்த செல்போன்களையும் 2003இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் அதற்குள் கொண்டுவந்தது. இரைச்சலுக்கு எம், டெலிகாயிலுக்கு டி எனத் தரக்குறியீடு ஏற்பட்டு, எம்3, டி3 என்றோ அதற்கு மேலாகவோ இருந்தால் அந்தப் போன் ஏற்றது என வாங்குவோர் அறிய முடிந்தது. நம் நாட்டிலும் கதிர்வீச்சு அளவைப் பொறுத்தவரை நல்ல ஏற்பாடு இருக்கிறது. உடல் உள்வாங்கும் அளவு, திசுவின் கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு 2012 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. *#07# என்று அழுத்தினால் பல போன்களில் அந்த அளவு திரையில் வருகிறது. ஆனால் அதே போன் காது கேட்கும் கருவிக்கு ஒத்துவருமா என்பதை, நான் கடைகளில் பார்த்த பெட்டிகளில் எங்கும் காணவில்லை, விற்பனையாளர்களுக்கும் தெரியவில்லை.

இந்த விவரத்தைப் பெட்டியின் மேல் தமிழிலும் அச்சிடும்படி மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஆணையிட வேண்டும். கருவியை அணிந்தபடியே ஓர் அழைப்புப் பேசிப் பார்த்த பிறகு போனை வாங்கும் வசதியைக் கடைக்காரர்கள் தர வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் மாற்றுத்திறனாளிகள் முகாம்களிலும் கருவி வழங்கும்போது, பேட்டரி மாற்றுவதைக் கற்றுத் தருவது போலவே, போனை எந்த இடத்தில் பிடிப்பது என்பதையும் உடன் வரும் குடும்பத்தினருக்கும் சேர்த்துச் செய்து காட்ட வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.