கொலுசு வேண்டாம், கவர் போதும்

அன்புள்ள கயல்,

உன் டீம் லீடர் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு இங்கிருந்து வெள்ளிக் கொலுசு வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தாய். அனுப்பப் போவதில்லை. ஆசை நல்ல ஆசைதான், ஆனால் அப்பாவோடு தென் கொரியாவில், உல்சானில் இருந்த காலத்தில் நான் போன டோல்ஜான்ச்சி (முதல் பிறந்தநாள் விருந்து) எதிலும் கொலுசு போட்ட குழந்தையைப் பார்த்ததில்லை. சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார்கள், மணி உதிர்ந்து குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று அன்றைக்கே கழற்றி எடுத்து வைத்துவிடுவார்கள்.

அங்கே பழைய வழக்கம் தங்க மோதிரம். ஒரு டோன் எடை, அதாவது 3.75 கிராம், நம் அரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் 24 காரட். நம் கடை 22 காரட் மோதிரத்தை வாங்கிக்கொண்டு போய் நின்றால் அங்கே அதற்கு மதிப்பில்லை, காரணம் குழந்தை அதைப் போடுவதே அன்றைய போட்டோவுக்குத்தான், அப்புறம் அது குடும்பத்தின் அவசரச் சேமிப்பு. 1998-ல் நாடு ஐ.எம்.எஃப் கடனில் மாட்டியபோது ஜனங்கள் வரிசையில் நின்று கொண்டுவந்து கொடுத்த தங்கம் ஏறத்தாழ 227 டன், அதில் பிள்ளைகளின் டோல் மோதிரங்களும் எத்தனையோ போயின.

சரி, அப்படியானால் மோதிரமே வாங்கட்டுமா என்று கேட்பாய். வேண்டாம். 2025-லேயே ஒரு டோன் எட்டு லட்சம் வொன்னைத் தாண்டிவிட்டது, சொந்தக்காரர்களே அரை டோன், ஒரு கிராம் என்று இறங்கி வந்துவிட்டார்கள். அது பாட்டியும் அத்தையும் போடவேண்டிய நகை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத நீ மோதிரத்தை நீட்டினால் அவர்களுக்குத்தான் சங்கடம், நாளைக்கு உன் வீட்டு விசேஷத்துக்கு அதே அளவு செய்தாக வேண்டுமே! நம் மொய் நோட்டு மாதிரியேதான், எழுதி வைக்காவிட்டாலும் மனசில் வைத்திருப்பார்கள்.

அதனால் முதலில் ஆபீசில் விசாரி. டீமில் எல்லாரும் சேர்ந்து கொடுக்கிறார்கள் என்றால் உன் பங்கைப் போட்டுவிட்டுப் பேசாமல் இரு, தனியாக எதுவும் நீட்டாதே. தனித்தனியாகத்தான் என்றால் வெள்ளைக் கவரில் பணம். பத்தாயிரம் வொன் கணக்கில் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் வைப்பார்கள், பத்தும் சரிதான், நான்கு மட்டும் கூடவே கூடாது. ஹோட்டல் பஃபேயில் வைத்திருந்தால் நீ சாப்பிடும் சாப்பாட்டுச் செலவாவது கவரில் இருக்கவேண்டும், ஒரு லட்சம் வொன் மரியாதையான தொகை. கவரின் பின்பக்கம் இடது ஓரத்தில் உன் பெயரை மேலிருந்து கீழாகக் கொரிய எழுத்தில் எழுது, இல்லாவிட்டால் யார் கொடுத்தது என்றே தெரியாது.

கையில் ஒரு பொருளாவது இருந்தால்தான் திருப்தி என்றால் உடுப்பு வாங்கு. அங்கே குழந்தை உடுப்பு சைஸ் சென்டிமீட்டரில் இருக்கும், ஒரு வயசுக்கு 80 சரியாக இருக்கும், நீ 90 வாங்கு, அடுத்த வருஷமும் போடலாம். மாற்றிக்கொள்ளும் சீட்டையும் பெட்டிக்குள் வைத்துவிடு. அவர்களுடைய பாரம்பரிய உடையான ஹன்போக் மட்டும் வாங்காதே, பெற்றவர்கள் முன்பே தைத்தோ வாடகைக்கு எடுத்தோ வைத்திருப்பார்கள். பொருள்களைப் பரப்பி வைத்துக் குழந்தையை ஒன்றை எடுக்கவிடும் டோல்ஜாபிச் சடங்குக்கு வைக்கும் நூல், பணம், ஸ்டெதஸ்கோப் எல்லாமும் அவர்கள் பாடுதான். குழந்தை எதை எடுக்கும் என்று விருந்தாளிகளைக் கேட்பார்கள், வெட்கப்படாமல் சொல்லு, சரியாகச் சொன்னவர்களுக்குப் பரிசுகூடக் கொடுப்பதுண்டு. எனக்குப் பிடித்ததே அந்தக் கூத்துதான்.

ஒருவேளை விழாவைக் குடும்பத்துக்குள் முடித்துக்கொண்டு ஆபீசுக்கு வெறும் தொக் (அரிசி மாவுப் பலகாரம்) மட்டும் வந்தால் (இப்போதெல்லாம் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்) கவரெல்லாம் வேண்டாம். வெள்ளையாக இருப்பது பெக்சொல்கி, சிவப்புப் பயறு பூசிய உருண்டை கண்ணேறு கழிக்க. அந்தக் காலத்தில் தொக் வந்த தட்டை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள், நூலோ அரிசியோ வைத்துத் தருவார்கள், நம் வீட்டிலும் பாத்திரத்தைக் காலியாகக் கொடுத்தால் உன் பாட்டி விடமாட்டாள், உனக்கே தெரியும். இப்போது வருவது தூக்கிப்போடும் டப்பா, அதனால் இரண்டு ஜோடி குட்டி சாக்ஸ் வாங்கி மறுநாள் கொடுத்துவிடு.

மாசக் கடைசி, கையில் பணம் இருக்கிறதா? இல்லையென்றால் கூச்சப்படாமல் சொல்லு, அப்பாவைப் போடச் சொல்கிறேன்.

அம்மா