அப்பாவின் துப்பாக்கியை எடுக்க வரும் முன்

ஃபெர்கஸ் ஃபால்ஸ், மினசோட்டா
செப்டம்பர் 14

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அடுத்த சனிக்கிழமை அப்பாவின் துப்பாக்கியை எடுத்துப்போக வருகிறேன் என்றாய். வா. உனக்கில்லாமல் வேறு யாருக்கு? ஆனால் வரும் வழியில் எஃகுக் குண்டுத் தோட்டா நாலு பெட்டி வாங்கிக்கொள்கிறேன் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஃபோனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

என் இடது கடைவாய்ப் பல்லுக்குத் தொப்பி எப்படி வந்தது தெரியுமா? 1987 வரை அப்பா கொண்டுவரும் வாத்தை மிளகு போட்டு வறுத்தால், தோட்டாவுக்குள் நிறைத்திருக்கும் பொடி ஈயக் குண்டுகளில் தட்டுக்கு ஒன்றிரண்டு அகப்படும். கடித்தால் நசுங்கும். துப்பிவிட்டுச் சாப்பிட்டோம், ஈயம் விஷம் என்று வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான், வெட்கம்தான். அந்த ஆண்டுப் பருவத்திலிருந்து மினசோட்டாவில் வாத்து வேட்டைக்கு ஈயம் கூடாது என்றாகிவிட்டது, 1991இலிருந்து அமெரிக்கா முழுவதும். அடுத்த வீட்டுத் தாத்தா எஃகுக் குண்டால் சுட்ட வாத்தில் பாதியைக் கொடுத்தார். முதல் வாயிலேயே டொக்கென்று ஒரு சத்தம். குண்டு உருண்டை குலையாமல் தட்டில் விழுந்தது. பிளந்தது என் பல்.

துப்பாக்கிக் குழலுக்கும் இதே கதைதான். வாயை நெருங்கும்போது குழல் சற்றே குறுகும். குண்டுகள் சிதறாமல் சேர்ந்து போவதற்காக. அதைத்தான் சோக் என்கிறார்கள். அந்த நெருக்கத்தில் ஈயம் நசுங்கி வழிவிடும். எஃகு விடாது. தாத்தாவின் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி அந்தப் பருவம் முடிவதற்குள் கெட்டுப்போயிற்று. என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா என் விரலைப் பிடித்துக் குழலின் மேல் ஓட்டினார். வாயிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, மோதிரம் போட்டதுபோல ஒரு புடைப்பு.

நம்முடையது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் ஆட்டோ-5. குழலின் இடப்பக்கம், பின்முனையில், ஒற்றை நட்சத்திரம் பொறித்திருக்கும். நகத்தால் தடவிப் பார். ஒற்றை நட்சத்திரம் என்றால் முழுச் சோக், நல்ல இறுக்கம். பெல்ஜியக் குழலில் எஃகு வேண்டாம் என்று பிரவுனிங் கம்பெனியே சொல்கிறது. உன் நண்பன் தன் ஆட்டோ-5இல் எஃகு போடுகிறான் என்றால் அது ஜப்பானில் செய்த, சோக்கைக் கழற்றி மாட்டும் குழலாக இருக்கும். அதற்கு அது சரி.

உனக்கு பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த குண்டுதான். தனிம அட்டவணையில் ஈயம் 82, பிஸ்மத் 83, பக்கத்து வீட்டுக்காரர்கள். அடர்த்தி, ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில், ஈயத்துக்கு 11.3, பிஸ்மத்துக்கு 9.8, இரும்புக்கு 7.9. தனியாக இருந்தால் நொறுங்கும் என்று கொஞ்சம் வெள்ளீயம் கலக்கிறார்கள். குழலை வருத்தாத அளவுக்கு மென்மை. விலையைக் கேட்டால் வயிறு எரியும், ஆனால் நீ ஒரு நாளில் எத்தனை சுடப்போகிறாய்? அப்பா இதற்காகவே அந்தத் துப்பாக்கியைச் சில ஆண்டுகள் அலமாரியில் வைத்துக் காத்திருந்தார்.

தோட்டாவின் நீளத்தையும் பார். நம் குழலில் இரண்டே முக்கால் அங்குலம் என்று எழுதியிருக்கிறது. மூன்று அங்குலத் தோட்டாவும் உள்ளே போய்விடும், முனை மடிந்திருப்பதால். சுடும்போது மடிப்பு விரிந்து, தோட்டா உட்காரும் அறைக்குச் சற்று முன்னால் குழல் குறுகும் இடத்தை அடைத்து, அழுத்தம் எகிறும். உள்ளே போகிறதே என்று நம்பாதே. எதற்கும் முதலில் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் குழலைக் காட்டி அளக்கச் சொல்.

நிலவறையில் மஞ்சள் தாம்பூலப் பை ஒன்றில் அப்பாவின் பழைய தோட்டாக்கள் இருக்கின்றன. எல்லாம் ஈயம். ஒன்றுகூட உன் சட்டைப்பையில் இருக்கக் கூடாது. வாத்து வேட்டையில் ஈயத் தோட்டா கையில் இருந்தாலே குற்றம், சுட்டிருக்க வேண்டும் என்பதில்லை. ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. காந்தம் எஃகைக் காட்டும். ஈயத்துக்கும் பிஸ்மத்துக்கும் வித்தியாசம் சொல்லாது.

ஈயம் கூடாது என்ற அந்தச் சட்டத்தை அப்பா முதலில் வாய்க்கு வந்தபடி திட்டினார். அவர் வாயை அடைத்தது ஒரு மல்லார்ட் காட்டு வாத்து. வாத்துக்குப் பல் இல்லை. பொடிக் கல்லை விழுங்கி அரைவைப்பையில் வைத்து இரையை அரைக்கும். அன்று நான் அந்தப் பையைக் கீறியபோது கற்களுக்கு நடுவே மூன்று சாம்பல் நிற ஈயச் சில்லுகள், தேய்ந்து தட்டையாக. பையின் சுவரில் ஓட்டை எதுவும் இல்லை. சுட்டு உள்ளே போனவை அல்ல. ஏரியடியில் கிடந்ததைக் கல்லென்று எண்ணித் தின்றிருக்கிறது. ஈய விஷத்தில் மெலிந்து, மார்பெலும்பு கத்திபோல் துருத்திக்கொண்டிருந்தது. அதை நாங்கள் சமைக்கவில்லை. அப்பா மூன்று சில்லுகளையும் கழுவி, ஒரு மருந்துப் புட்டியில் போட்டு, துப்பாக்கி அலமாரியில் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

பழைய தோட்டாக்களை என்ன செய்வது என்று இங்கே ஷெரிஃப் அலுவலகத்தில் விசாரிக்கிறேன். தாம்பூலப் பையை மட்டும் கொடுக்க மாட்டேன். அது எங்கள் கல்யாணப் பை.

அன்புடன்,
அம்மா