கொழும்புப் பக்கம் திருப்பிய ஆன்டெனா

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், இலங்கையில் வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அவர் நாவலை வைத்து ஹாலிவுட்டில் எடுத்த '2010' படத்தில் வெள்ளை மாளிகை எதிரே பெஞ்சில் உட்கார்ந்து புறாவுக்குத் தீனி போடுகிறாரே, அதோடு அவர் திரையில் வந்த கதையை முடித்துவிட்டீர்கள். அதே படத்தில் ஒரு பத்திரிகை அட்டையில் அமெரிக்க அதிபராகவும் அவர் முகம் வரும். சரி, அது சில்லறை விஷயம். பெரிய ஒன்றையே விட்டுவிட்டீர்கள்.

1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த 'பெத்தேகம' என்ற சிங்களப் படத்தில் கிளார்க் நடித்திருக்கிறார். வேடம், லெனார்டு உல்ஃப். 1904 முதல் 1911 வரை இலங்கையில் அதிகாரியாக இருந்து, பிறகு இந்தப் படத்துக்கு மூலமான காட்டுக் கிராமத்துக் கதையை நாவலாக எழுதியவர். உல்ஃப் இலங்கையை விட்டுப் போனபோது வயது முப்பது. கிளார்க்குக்கோ அறுபது தாண்டிவிட்டது. நம் கதாநாயகர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

எனக்கென்ன அக்கறை என்றால், நான் சிம்மக்கல்லில் டிவி மெக்கானிக்காக இருந்தவன். கொடைக்கானல் டிவி கோபுரம் வராத காலத்தில் எங்களுக்கு டிவி என்றால் இலங்கை அரசின் ரூபவாஹினிதான். மொட்டைமாடியில் நாற்பதடி இரும்புக் குழாய், உச்சியில் ஆன்டெனா, பூஸ்டர், மூன்று பக்கமும் இழுகம்பி. தென்கிழக்கே குழாயைத் திருப்பித் திருப்பி "தெரியுதா?" என்று கத்துவேன். "வருது... வருது... போச்சுண்ணே!" என்று கீழேயிருந்து குரல் வரும். புழுக்கமான சாயங்காலம் என்றால் படம் கண்ணாடி மாதிரி விழும். மற்ற நாளில் அரிசி கொட்டியது மாதிரி ஒரே புள்ளி.

அதற்கு முன்னால், 1975இல், நம் இஸ்ரோ பொறியாளர்கள் கொழும்புக்கே போய் கிளார்க் வீட்டில் செயற்கைக்கோள் டிஷ் வைத்துக் கொடுத்தார்கள். அப்போது இலங்கையில் டிவி நிலையமே கிடையாது. இங்கிருந்து போன படத்தை அவர் பார்த்தார். சில வருடம் கழித்து அங்கிருந்து வந்ததை நாங்கள் மாடியேறிப் பிடித்தோம்.

அப்புறம் கேபிள் வந்தது. டிஷ்ஷை மயிரிழை அசைத்து, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளைப் பிடிக்கும் வேலை. அந்த உயரத்தில் மூன்றை நிறுத்தினால் உலகம் முழுக்க ஒளிபரப்பலாம் என்று 1945லேயே எழுதியவர் கிளார்க். காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். நான் டிஷ்ஷுக்கு டிஷ் கூலி வாங்கிவிட்டேன்.

இலங்கைக்குப் போய்வரும் வாசகர் யாரிடமாவது 'பெத்தேகம' டிவிடி இருந்தால் எழுதச் சொல்லுங்கள். பிளேயரைச் சரிபண்ணி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக்,
சிம்மக்கல், மதுரை.